கடைசித் தோல்

"பாத்துத் தூக்கு மாப்ள. சின்னவளை ஏதோ போனாப் போகுதுன்னு கொடுத்துட்டேன். இது மூத்தவளோட குடலு. கீழ போட்டே, உன் குடலை உருவிடுவேன்."

மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கொட்டகையில் நிற்கிற லாரி. இளையவள் மாப்பிள்ளையின் பெண்டாட்டி. இந்தப் பேச்சை அவர் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். இளையவளும் சிரிப்பாள், வந்தவர்கள் இருக்கிற வரைக்கும்.

மாப்பிள்ளை லாரி இன்ஜினிலிருந்து கழற்றின கேம் ஷாஃப்டைப் பழைய சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கினான். தகரக் கொட்டகைக்குள்ளே இருந்ததற்கு வெளி வெயிலே தேவலாம் போலிருந்தது. பின்னால் மாமனார் நாற்காலியில் இருந்தபடியே கத்திக்கொண்டிருந்தார். முட்டி இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கி, லாரி கேபினில் ஏற முடியாமல் போனவர் அவர். காலில் போனது எல்லாம் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்த முட்டி வீங்கினதால்தான் இவனுக்குக் கல்யாணமே ஆனது. வண்டியை ஓட்டவும் ரிப்பேர் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும், கூலிக்கு ஆள் வைத்தால் திருடுவான், மாப்பிள்ளையாய் வைத்தால் எங்கே போய்விடுவான் என்று கணக்குப் போட்டு, பட்டறையில் தனியாய்க் கிடந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்து பெண்ணைக் கொடுத்தார். அன்றிலிருந்து இவன் வீட்டோட மாப்பிள்ளை. சாப்பிட உட்கார்ந்தால் போதும்.

"மாப்ளைக்கு இன்னொரு முட்டை வை. பாவம், என் வீட்டு நிழல்ல படுத்துப் படுத்து உடம்பு தேஞ்சு போச்சு."

அவள் வைப்பாள். அவனும் தின்பான். வேறு என்ன செய்வது, உழைத்தவனுக்குப் பசிக்கிறதே.

லாரி ஒரு வருஷமாகவே இழுவை இல்லாமல் இருந்தது. ஒரு நாள் கல் யார்டுக்குப் போகிற மேட்டில் முழு லோடோடு பாதி ஏறி, புகையைக் கக்கி, மூச்சு விட்டு நின்றது. நின்றது மட்டுமா, பின்னால் உருளத் தொடங்கியது. லோடு ஆட்கள் குதித்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அதில் ஒருவன், "கிழவியை ஏன்யா மலை ஏத்துறே, கட்டில்ல படுக்க வை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாதி லோடை நடு மேட்டிலேயே இறக்கிவிட்டுத்தான் வண்டி திரும்பியது.

அதற்கப்புறம்தான் அவன் இன்ஜினைத் திறந்தான். டேப்பட் இடைவெளியை எத்தனை தடவை சரிசெய்தாலும் நிற்காமல் போனதற்குக் காரணம் தெரிந்தது. கேம் ஷாஃப்டில் வரிசையாக முட்டை முட்டையாய் மேடுகள் இருக்கும். அந்த மேடு சுற்றி வந்து டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் கம்பியைத் தூக்கும், கம்பி வால்வைத் திறக்கும். மேடு தேய்ந்தால் வால்வு முழுசாய்த் திறக்காது. இன்ஜின் வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரிதான். மூத்தவளுக்கு மூன்று மேடுகள் வழுக்கையாகிக் கிடந்தன.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவன் பேச்சை எடுத்தான்.

"மாமா, கேமை கிரைண்டிங் போட்டா வண்டி ஏறும். ஏறுச்சுன்னா யார்டு வேலையை நானே எடுத்துக்கிறேன். யார்டுக்குப் பின்னாலயே ரூம் தர்றாங்க. நாங்க அங்க போயிடுறோம். வண்டியும் அங்கதான் நிக்கும்."

மாமனார் ரொட்டியைத் தொட்டு வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கின பிறகுதான் பேசினார்.

"அப்ப எனக்கு நாமம்."

"வாரம் ஒருதடவை வந்து பாத்துக்கிறோம்."

"என்னைப் பாக்க நான் என்ன மிருகக்காட்சி சாலையிலயா இருக்கேன்? சரிடா. ஆம்பளையா ஒரு வார்த்தை கேட்டுட்டே, நானும் ஒரு வார்த்தை சொல்றேன். அந்த மேட்டுல முழு லோடோட நிக்காம ஏத்திக் காட்டு. மூத்தவளையும் கூட்டிட்டுப் போ, சின்னவளையும் கூட்டிட்டுப் போ. ஏறலைன்னா, செத்தாலும் இந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்கக் கூடாது."

"சரி மாமா."

அவள் அடுப்படியில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கிரைண்டிங் கடைக்காரரை எல்லாரும் மைக்செட் என்று கூப்பிடுவார்கள். கல் சுற்றுகிற சத்தத்தில் காது போய், ரகசியத்தைக்கூடத் தெருவே கேட்கிற மாதிரிதான் சொல்லுவார். கேமை வாங்கி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். ஒரு அரத்தை எடுத்து மேட்டின் மேல் இழுத்தார். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு மேட்டில் இழுத்தார். லேசாய்க் கடித்தது.

"ஏற்கெனவே ஒரு தடவை கடைஞ்சிருக்கான்!" என்று கத்தினார். "இதுக்கு மேல் தோல்தான்யா கெட்டி. உள்ள போகப் போக வெண்ணெய். இன்னொரு தடவை கடையலாம். அதோட தோல் முடிஞ்சுது."

"இந்த ஒரு தடவை போதும்ண்ணே."

"புது கேம் கிடைக்காதான்னு கேக்கிறியா? இந்த மாடலை நிறுத்தி உங்க மாமனாருக்குத் தலை நரைச்சுப் போச்சு. அதெல்லாம் தேட முடியாது. இதுதான்."

கடைந்து முடிக்க இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் மாப்பிள்ளை அங்கேயே ஓரமாய் உட்கார்ந்திருந்தான். மாதிரிக்கு மாட்டின மூல கேமை ஒட்டி ஆடி ஆடி வந்து சாணைக்கல் கேமின் மேட்டைத் தடவும். ஒவ்வொரு தடவைக்கும் பொறி பறந்து, சூடு தணிக்க வழிகிற வெள்ளைத் தண்ணீரில் அணையும். மைக்செட் கொஞ்சம் எடுப்பார், அளப்பார், முறைப்பார், மறுபடி கொஞ்சம் எடுப்பார். டேப்பட்டுகளின் அடிமுகத்தையும் கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுத்தார். கடைசியில் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் வைத்து, பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார்.

"கேளு. மாட்டினதும் முதல் ஸ்டார்ட்டுல மெதுவா விடக் கூடாது. காது கிழியிற மாதிரி ரேஸ் பண்ணி வை. அரை மணி நேரம். சுத்துற வேகத்துல எண்ணெய் தெறிச்சாத்தான் இந்த மேட்டுக்குக் கிடைக்கும். மெதுவா விட்டா எண்ணெய் வராது, ஸ்பிரிங் மட்டும் உக்காந்து அமுக்கும். மேடு, டேப்பட் ரெண்டும் புதுசு. ஒண்ணை ஒண்ணு தின்னுடும். புரியுதா?"

"புரியுதுண்ணே."

"புதுசா கட்டிக்கிட்டவன் மாதிரின்னு வச்சுக்கோ. ஆரம்பத்துலயே சோம்பேறித்தனம் பண்ணா குடும்பம் நடக்காது!"

எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கேமை உள்ளே ஏற்றியது அவன் ஒருத்தனேதான். மல்லாக்கப் படுத்து, மூச்சைப் பிடித்து, ஒரு மேடுகூட எதிலும் உரசாமல் உள்ளே தள்ளினான். பல்சக்கரத்தில் குறியைக் குறியோடு சேர்த்தான். டேப்பட், கம்பி, ராக்கர் என்று ஒவ்வொன்றாய் ஏறியது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை சுத்தமில்லை. மாமனார் நாற்காலியைக் கொட்டகை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு சொல் போட்டார்.

"அந்த போல்ட்டை ஏன்டா அப்படித் தடவுறே, அது என்ன என் பொண்ணா? இறுக்குடா."

"இறுக்கினா பேக்கிங் பிதுங்கிடும் மாமா."

"உனக்கு எல்லாமே பிதுங்கும். நான் இவளை ஓட்டின காலத்துல இன்ஜின் மேல தண்ணி டம்ளர் வச்சா அலை அடிக்காது. அப்படி ஒரு ஸ்லோ. ஊர்ல எவன் வண்டி அப்படி நிக்கும்? இப்பப் பாரு, மாவு மில்லு மாதிரி ஆக்கி வச்சிருக்கே."

சாயங்காலம் அவள் உருளைக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து கொட்டகையிலேயே கொடுத்தாள். அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அவன் சக்கரத்தில் சாய்ந்து தின்றான். அவள் எதிரே ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ரூம் எப்படி இருக்கும்?"

"ரூம் மாதிரி இருக்கும். ஒரு ஜன்னல் இருக்கு."

"தண்ணி?"

"வெளிய குழாய் இருக்கு. யார்டு ஆளுங்க எல்லாம் அதுலதான் பிடிப்பாங்க."

"கக்கூஸு?"

"அதுவும் அவங்களுக்கு இருக்கிறதுதான்."

"பொம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா அங்க?"

"நீ இருப்பியே" என்று சொல்லி அவன் சிரித்தான். "உங்கப்பன் வாய் அங்க இருக்காதுல்ல, அது போதாதா? கிழவன் செத்தா யாராச்சும் சொல்லி அனுப்புவாங்க. வந்து தூக்கிப் போட்டுட்டுப் போகலாம்."

அவள் கொஞ்ச நேரம் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "இதை எப்ப ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவன் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அவனுக்கு உள்ளே என்னவோ இளகிவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டி, மைக்செட் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான்.

"மெதுவா விட்டா கெட்டுப் போயிடுமா?"

"கெட்டுப் போறதா? மேட்டோட தோலே உரிஞ்சிடும். அதுக்கப்புறம் பழைய இரும்புக் கடைதான்."

"சத்தம் கேட்டா தெரியாதா?"

"ஆரம்பத்துல தெரியாது. பாட்டு மாதிரி ஓடும். தெரியும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"ம்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் ரேடியேட்டரை மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஆயில் ஊற்றி, அடுத்த நாள் லோடுக்காக டீசலும் நிரப்பினான். சாவியைத் திருப்புவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து யார்டு மேனேஜர் ஆள் அனுப்பினார். உடனே வந்து பேசிவிட்டுப் போனால் வேலை உனக்கு, இல்லையென்றால் வேறு வண்டி காத்திருக்கிறது என்று. அவன் கையைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டான்.

"நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. உங்கப்பாகிட்டயும் சொல்லிடு."

"சொல்றேன். போயிட்டு வாங்க."

யார்டில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மேனேஜர் ரூமைத் திறந்து காட்டினார். சுவரெல்லாம் கல் தூசி. அவன் கண்ணுக்கு அது தூசியாகவே படவில்லை. இங்கே கட்டில், இங்கே அடுப்பு என்று மனசுக்குள் போட்டுக்கொண்டே நடந்து வந்தான்.

தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது.

மெதுவாக, ஒரு சீராக, தூங்குகிற மனுஷன் மூச்சு மாதிரி ஒரு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான ஸ்லோ. அவன் ஓட ஆரம்பித்தான். செருப்பு ஒன்று கழன்று போனது. எடுக்க நிற்கவில்லை.

மாமனார் பம்பர் பக்கம் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, முகம் மலர உட்கார்ந்திருந்தார். கையில் டீ டம்ளர். கேபினில் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வாடா மாப்ள! கேளு! உன்னைத் திட்டினதெல்லாம் வாபஸ்டா. இப்படி ஒரு ஸ்லோவை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு!"

"எப்போலேர்ந்து ஓடுது?"

"நீ தெருவைத் தாண்டினதிலேர்ந்து ஓடுது. ரெண்டு டீ குடிச்சாச்சு."

அவன் கேபினில் தாவி ஏறி நிறுத்தும் கம்பியை இழுத்தான். இன்ஜின் அடங்கியது. யாரும் எதுவும் பேசுமுன் இறங்கி, பக்க மூடியையும் கம்பிகளையும் கழற்றினான். கொதிக்கிற எண்ணெய் கையில் வழிந்தது. ஒரு டேப்பட்டைத் தூக்கித் திருப்பினான். கண்ணாடி மாதிரி இருந்த முகத்தில் வட்டம் வட்டமாய்க் கீறல். இன்னொன்று. அதுவும் அப்படியே. துவாரத்தில் விரலை விட்டு மேட்டைத் தடவினான். பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது. விரலை வெளியே எடுத்தபோது எண்ணெயில் வெள்ளித்தூள் மினுங்கியது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா? என்ன ஆச்சு?"

"நல்லா இருங்க மாமா. வண்டியைக் கொடுக்க மனசில்லைன்னா கொடுக்கலைன்னு சொல்லியிருக்கலாம். இப்படி உயிரோட கொன்னுட்டீங்களே."

"யாரு, நானா?" மாமனார் கேபினை நோக்கிக் கையை நீட்டினார். "நான் கேட்டேன்டா இவளை. புதுசா வேலை பாத்த இன்ஜினாச்சே, ரேஸ் பண்ணணுமா சும்மா விடணுமான்னு கேட்டேன். நீ மெதுவாத்தான் விடச் சொன்னேன்னு இவதான் சொன்னா. இவளேதான் ஏறி ஸ்டார்ட் பண்ணினா. என்னால ஏற முடியுமா?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் படியில் கால் வைத்து நிதானமாய் இறங்கினாள். உள்ளங்கையைத் துணியில் துடைத்தாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"உனக்குத் தெரியுமே" என்றான் அவன்.

"தெரியும். நீங்கதானே உக்காத்தி வச்சு சொல்லிக் கொடுத்தீங்க."

"ஏன்டி?"

"நான் அந்த ரூமுக்கு வரலை."

"வரலைன்னு வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன!"

"யார் கேட்டா? ரெண்டு பேரும் தின்னுக்கிட்டே என்னை ஏத்தி இறக்குனீங்க. மேடு ஏறுனா அங்க, ஏறலைன்னா இங்க. நான் என்ன கல்லா?"

மாமனார் கைத்தடியைத் தரையில் குத்தினார். "அதுக்காக, அடிப்பாவி, மூத்தவளை..."

"அவளுக்கு ஒரு சத்தம் மாறினா நீங்க தூங்க மாட்டீங்கப்பா. எனக்குக் கரு கலைஞ்சு வீட்டுக்குள்ள தனியா கிடந்தப்ப, நீங்க ரெண்டு பேரும் இங்க கிளட்ச் மாத்திக்கிட்டு இருந்தீங்க. நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லை. இவருக்கும் கேக்கலை. உங்களுக்கு ஒரு பொண்ணு போதும்பா."

கொட்டகைத் தகரம் வெயிலில் படபடவென்று சத்தமிட்டது. மாப்பிள்ளை எழுந்தான். அவன் கையில் ஸ்பேனர் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நகரவில்லை. அவன் அவளை அடித்திருந்தால்கூட அவள் அன்றைக்கு அழுதிருக்க மாட்டாள். அவனுக்கும் அது தெரிந்தது. கை தானாகக் கீழே இறங்கியது.

மாமனாருக்கு மூச்சு ஒருநிலைக்கு வந்தது. மகளைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. உதட்டோரம் பழைய சிரிப்புகூட எட்டிப் பார்த்தது.

"சரி, விடுடா. போனது போச்சு. கேம்தானே? இன்ஜின் நல்லா இருக்கு. எங்கயாச்சும் ஒரு பழைய கேம் கிடைக்காமலா போயிடும். அஞ்சு வருஷம் ஆனாலும் தேடிப் போடுவோம். நீ எங்க போகப் போறே? இங்கதானே கிடக்கப் போறே." அவர் டம்ளரை நீட்டினார். "இந்தாம்மா, மாப்ளைக்கு டீ போடு. கூட ஒரு முட்டையும் அவி."

அந்தச் சிரிப்பை மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு குனிந்து, டேப்பட்டுகளைத் திரும்ப உள்ளே போட்டான். கம்பிகளை வைத்தான். மூடியை மாட்டினான். ஒவ்வொரு நட்டையும் அளவாக இறுக்கினான். அவன் அவ்வளவு பொறுமையாக வேலை பார்த்து யாரும் பார்த்ததில்லை.

"என்னடா பண்றே?"

அவன் கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினான். மூத்தவள் எழுந்தாள். ஸ்லோவில் விட்டான். சாவியை எடுத்தாலும் ஓடுகிற இன்ஜின் அது, கேபினுக்குள் இருக்கிற கம்பியை இழுத்தால்தான் நிற்கும். சாவியைப் பாக்கெட்டில் போட்டு, இறங்கிக் கதவைப் பூட்டி, பானெட்டுக்கு முன்னால் ஒரு டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தான். ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டான்.

"நிறுத்துடா. தூள் ஆயில்ல இறங்கியிருக்கும். பேரிங்குக்குப் போகும்டா. கிராங்கைத் தின்னுடும்!"

"தின்னட்டும் மாமா."

"பைத்தியமா உனக்கு? மொத்த இன்ஜினும் போயிடும்டா!"

"ஆமா."

முதலில் பாட்டு மாதிரிதான் ஓடியது. பிறகு உள்ளே யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு டிக் கேட்டது. அப்புறம் இரண்டு. மாமனார் தடியை ஊன்றி எழுந்து இரண்டு எட்டு வைத்தார். முட்டி மடங்கி மண்ணில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து பம்பரைப் பிடித்தார். அதற்குமேல் எழ முடியவில்லை.

"மாப்ள. நிறுத்துங்க மாப்ள. உங்க காலைப் பிடிக்கிறேன். வண்டியை உங்க பேருக்கே எழுதித் தந்துடுறேன். எங்க வேணாலும் போங்க. இவளைக் கேட்டுக்கிட்டே போங்க. நிறுத்துங்க."

வெயில் சாயத் தொடங்கியது. டிக் டிக் என்றது தடதடவென்று ஆனது. இன்ஜின் ஒரு பக்கமாய் இழுத்து இருமியது. ஒவ்வொரு இருமலுக்கும் மாமனாரின் தோள் குலுங்கியது. அந்தப் பக்கம் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

"அம்மா, நீயாச்சும் சொல்லும்மா" என்றார் மாமனார். "நீ சொன்னாக் கேப்பாரு. சொல்லும்மா."

அவள் உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை, புகை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டோடு வந்தாள். ரொட்டி, வெங்காயம், இரண்டு முட்டை. தரையில் கிடந்த அப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்து, தட்டைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை நீங்க."

அவன் மடியிலிருந்த ஸ்பேனரை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தின்னத் தொடங்கினான். அவள் அவன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ ஒன்று உடைந்து மோதுகிற சத்தம் கேட்டது. மாமனார் பம்பரில் நெற்றியை முட்டினார்.

"இன்னொரு ரொட்டி வைக்கவா?" என்று அவள் கேட்டாள். சத்தத்துக்கு மேல் கொஞ்சம் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"வை" என்றான்.